மாடி அறைக்கு ஒரு லைன்

அபிராமபுரத்து வீட்டுக் கூடத்தில் முக்காலியின் மேல் இருந்த தொலைபேசியைத் தினமும் துடைத்து வைப்பது ஜலஜாதான். துணியின் நுனியை முறுக்கி, டயலின் ஓட்டைகளுக்குள் விட்டுத் தூசியை எடுப்பாள். சுருண்டு கிடக்கும் வயரை நீவி விடுவாள். அந்த வீட்டில் அதை ஒருநாளும் காதில் வைத்துப் பார்க்காதவளும் அவள் ஒருத்திதான்.

ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குள் பேச்சு நன்றாக வந்துவிட்டதால் பேசத் தெரியும். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காத ஒருத்தியின் பேச்சு எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லை. சில சமயம் தேவைக்கு மேல் சத்தம், சில சமயம் வெறும் காற்று. காலேஜ் வயதில் ஒருநாள் பஸ்ஸில் லஸ்ஸுக்கு டிக்கெட் கேட்டபோது முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பைக் காதால் கேட்க வேண்டும் என்று இல்லையே. அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டினால் அவள் வாயைத் திறப்பதில்லை. கைப்பையில் துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர் நேரே பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துப் புரிந்துகொள்வாள். பதிலை எழுதிக் காட்டுவாள்.

படித்தது கட்டட வரைபடப் படிப்பு. கோடு போடுவதில் அவளுக்கு இருந்த நிதானம் பார்க்கிறவர்களைச் சற்று நேரம் நிற்கவைக்கும். மாடியில் ஒரே ஒரு அறை. அதில் ஜன்னலோரம் சாய்ந்த பலகை, டிரேசிங் தாள், மைப்பேனாக்கள். தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம் வைத்திருந்த இன்ஜினியர் தணிகாசலம் தன் கட்டட வரைபடங்களை எல்லாம் அவளிடம்தான் கொடுப்பார். முரட்டு மனிதர். ஆனால் அவள் போட்ட கோட்டை அழித்து வேறு ஒருவர் போட விடமாட்டார்.

சிக்கல் வந்தது திருத்தங்களில்தான். வரைபடம் கைக்குப் போன மறுநாளே தணிகாசலத்திடமிருந்து போன் வரும். வீட்டுக்காரர் ஜன்னலை நகர்த்தச் சொல்கிறார், மாடிப்படியைத் திருப்பச் சொல்கிறார் என்று சொல்லுவார். அதை ஜலஜாவின் தம்பி மனைவி ஹம்சா எடுத்துக் கேட்டு, மாடி ஏறி வந்து, ஜலஜாவின் முகத்துக்கு நேரே நின்று சொல்லுவாள். ஹம்சா வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் டியூஷன் பிள்ளைகள்மேல், ஒரு கண் அடுப்பில் இருக்கும் பாலின்மேல், காதில் தணிகாசலம்.

ஒருநாள் "சமையலறை தென்கிழக்கு" என்று அவர் சொன்னது ஹம்சா வாயிலிருந்து "தென்மேற்கு" என்று வெளியே வந்தது. ஜலஜா முழு வரைபடத்தையும் மாற்றிப் போட்டாள். சமையலறை தென்மேற்குக்குப் போக, கக்கூஸ் தென்கிழக்குக்கு வந்தது. வாஸ்து பார்க்கும் அந்த வீட்டுக்காரர், அக்னி மூலையில் கக்கூஸைப் பார்த்ததும் தணிகாசலத்தின் அலுவலகத்திலேயே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனாராம்.

விஷயம் தெரிந்ததும் ஹம்சா அழுதுவிட்டாள். "என்னாலதான் ஜலஜாக்கா. நான்தான் சரியா கேட்டுக்கலை."

ஜலஜா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். வீட்டுக்குள் அவள் பேசுவாள். "உன் தப்பு இல்லை. என் வேலையை உன் காதால பண்ணிண்டிருக்கேன் பாரு, அதுதான் தப்பு."

அந்த வாரம் புது வரைபடத்தைக் கொடுக்கத் தணிகாசலத்தின் அலுவலகத்துக்குப் போனபோது, அவர் மேஜைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த போனை எடுத்துக் கேட்டவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டியில் ஒரு பச்சைப் பட்டனை அமுக்கினார். பெட்டியின் வாயிலிருந்து ஒரு தாள் மெதுவாக நகர்ந்து வந்தது. பெங்களூரில் யாரோ கையால் எழுதியது. அதே கையெழுத்து, அதே அடித்தல் திருத்தல். ஜலஜா கேட்காமலே கையை நீட்டித் தாளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. எங்கேயோ ஒருவர் பேசியது, போன் கம்பி வழியாக வந்து, அவள் கையில் சூடாக இருந்தது.

'இது போன்தானே?' என்று எழுதிக் காட்டினாள்.

"போன் லைன்லதான் வருது. ஃபேக்ஸ்" என்றார் தணிகாசலம்.

'அப்போ எனக்கும் ஒன்று' என்று எழுதினாள்.

ஒரு ஸ்கூட்டரைவிட விலை கூடிய சாமான் அது. ஆனால் பல வருஷமாகச் சம்பாதித்து, நகையோ பட்டுப்புடவையோ வாங்காமல் வைத்திருந்தாள். தம்பி அம்பி பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் கவலை வேறு.

"மெஷின் வாங்கிடலாம் அக்கா. லைன் வேணுமே? நம்மாத்துல இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணுல எனக்கும் பங்கு உண்டோன்னோ?" என்று கேட்டாள் ஜலஜா.

தொலைபேசி வந்து இத்தனை வருஷத்தில் அம்பிக்கு அது தோன்றியதே இல்லை.

மெஷினை மாட்ட வந்தவர் அப்துல் வஹீத். ராயப்பேட்டைக்காரர். மெஷின் விற்ற கடையில் மெக்கானிக். டி.வி.எஸ். ஐம்பதின் முன்னால் அட்டைப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். வாங்கினவருக்குக் காது கேட்காது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாடியில் முட்டி போட்டுச் சுவரில் வயர் அடித்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, மெஷினை இயக்குவது எப்படி என்று விவரமாகச் சொல்லிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது ஜலஜா அமைதியாக அவர் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவாளுக்குக் கேக்காது. நேரா பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள் ஹம்சா.

வஹீத் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து ஜலஜாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து தொடங்கினார். கூச்சல் போடவில்லை. உதடுகளை அகட்டிக் கோணவில்லை. சாதாரணமாகப் பேசினார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஜலஜாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"லைன் ஒண்ணுதான் கீது. ரெண்டு பேருக்கு. அதான் கஷ்டம்" என்று அவர் விளக்கினார். கூடத்துப் போனும் மாடி மெஷினும் ஒரே கம்பியில் தொங்கினால், ஃபேக்ஸ் வந்துகொண்டிருக்கும்போது கீழே யாராவது போனை எடுத்தால் பக்கம் பாதியில் அறுந்துபோகும். அதனால் தெருவிலிருந்து வரும் கம்பியை முதலில் மாடி மெஷினுக்குக் கொண்டுபோய், மெஷினின் முதுகில் இருந்த இன்னொரு துளையிலிருந்து கூடத்துப் போனுக்கு இறக்கினார். மெஷின் வேலையில் இருக்கும்போது கீழ்ப் போன் தானாகவே துண்டிக்கப்பட்டுவிடும். மணி அடிப்பதை ஜலஜா எப்படித் தெரிந்துகொள்வாள் என்று யாரும் கேட்பதற்கு முன்னால், அவரே மறுநாள் திரும்பி வந்து, மணி அடித்தால் எரிகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு பல்பைப் பலகைக்கு மேலே மாட்டினார். அதற்குக் காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

முதல் சில நாள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மெஷினைத் தானாக எடுக்கும்படி வைத்தால், கும்பகோணத்திலிருந்து ஹம்சாவின் அம்மா பேசும்போது மெஷின்தான் எடுத்து அவர் காதில் 'கீ' என்று கத்தியது. "உங்காத்து போன்ல ஏதோ பட்சி பூந்துடுத்துடி" என்று அவர் கடிதம் போட்டார். ஆகவே மெஷினைச் சும்மா இருக்கும்படி வைத்தார்கள். மணி அடித்தால் கீழே ஹம்சா எடுப்பாள். மனிதக் குரல் என்றால் பேசுவாள். 'கீ' என்ற சத்தம் என்றால், மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தை ஓங்கி இடிப்பாள். மேலே வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் ஜலஜாவுக்குத் தரையின் அதிர்வு உள்ளங்காலில் தெரியும். உடனே பச்சைப் பட்டனை அமுக்குவாள். டியூஷன் பிள்ளைகளுக்கு இந்த இடி பெரிய கொண்டாட்டம். ஹம்சாவும் அதைச் சலிப்பில்லாமல் செய்தாள். நடுவில் நின்று சொல்லிச் சொல்லித் தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கும் போய்விட்டது அல்லவா?

தணிகாசலத்திடமிருந்து வந்த முதல் தாளில் ஒரு ஜன்னலைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, 'இதை ஒரு அடி வலது பக்கம் தள்ளவும்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஜலஜா அதை மேஜைமேல் விரித்துக் கையால் நீவி நீவிப் பார்த்தாள். அவளுக்கென்று, அவளிடம் நேரே, நடுவில் யாரும் இல்லாமல் போனில் வந்த முதல் சொல் அது.

ஆனால் ஒட்டடைக் கம்பை நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஹம்சா கோவிலுக்குப் போனால், பல்பு எரிந்தாலும் மனிதக் குரலா ஃபேக்ஸா என்று தெரியாது; மெஷின் ஊமை. தனக்கென்று தனி லைன் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நெடுநாள் தகவல் இல்லை. கடைசியில் நேரிலேயே தொலைபேசி அலுவலகத்துக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் பார்த்தார், அவள் நீட்டிய துண்டுக் காகிதத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "காது கேக்காதவங்களுக்கு போன் எதுக்குப்பா?" என்றார். அவளுக்குக் கேட்காது என்பதால் குரலைத் தாழ்த்தவில்லை. உதட்டை மறைக்கவும் இல்லை.

ஜலஜா பென்சிலை எடுத்து எழுதி அவர் முன்னால் வைத்தாள். 'எனக்குக் காதுதான் கேட்காது. கண் நன்றாகத் தெரியும். இந்த போன் கண்ணுக்கு.'

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் லைன் வரவில்லை. அவள் மறுபடி போனாள். அதற்கப்புறமும் போனாள். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. அங்கே கிடந்த பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் உள்ளறையிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இவங்க யாரு, எப்பவும் இங்கயே இருக்காங்க?" என்று விசாரித்து, மனுவை வாங்கிப் படித்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த பொங்கலுக்கு முன்னால் மாடி அறைக்குத் தனி லைன் வந்துவிட்டது. வஹீத்தே வந்து கம்பியை மாற்றினார். இனி மெஷின் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒட்டடைக் கம்பு ஒட்டடை அடிக்கப் போயிற்று.

ஜலஜாவுக்குத் தேவானை என்று ஒரு தோழி. காது கேளாதோர் பள்ளியில் ஒரே பெஞ்ச். தேவானைக்குப் பிறவியிலிருந்தே கேட்காது, பேச்சும் வராது. இரண்டு பேரும் கைகளால் பேசினால் பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கும், அவ்வளவு வேகம். தேவானை தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் சண்முகவேலைக் கல்யாணம் செய்துகொண்டு, வாடகை குறைவு என்று வேளச்சேரியில் போய்க் குடியிருந்தாள். சண்முகவேலுக்கும் காது கேட்காது. அந்தக் காலத்து வேளச்சேரி, பஸ்ஸை விட்டு இறங்கினால் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற ஊர். மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம்.

மாடி அறைக்கு லைன் வந்ததும் ஜலஜா முதலில் போனது வேளச்சேரிக்குத்தான். மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த வேலு அப்போதுதான் ஒரு ஃபேக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். தேவானையை அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தி, தன் நம்பரை எழுதிக் கொடுத்து, 'இவள் எழுதித் தந்தால் இந்த நம்பருக்கு அனுப்புங்கள். நான் அனுப்பினால் இவளுக்கு வைத்திருங்கள்' என்று எழுதிக் காட்டினாள்.

வேலு இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மா, இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்துக்கீறே? அனுப்பினா போச்சு" என்றார்.

தேவானை வெளியே வந்ததும் அந்த மெஷினுக்கு ஒரு சைகையைக் கண்டுபிடித்தாள். இடது கையை மட்டமாக வைத்து, அதன் அடியிலிருந்து வலது கையை நாக்குப்போல மெதுவாக வெளியே நீட்டினாள். இரண்டு பேரும் ரோட்டிலேயே நின்று சிரித்தார்கள்.

தொண்ணூற்றாறு ஜூனில் அந்த மழை வந்தது. கோடை முடியாத நேரத்தில், யாரும் எதிர்பாராமல், ராத்திரி பகல் என்று இல்லாமல் ஊற்றியது. அம்பியும் ஹம்சாவும் ஒரு முகூர்த்தத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார்கள். ஜலஜா தனியாக இருந்தாள். இரண்டாம் நாள் காலை, அடுப்பில் காபிக்குப் பால் வைத்துவிட்டு மாடிக்குப் போனபோது பல்பு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. மெஷின் தாளைத் தள்ளியது.

தேவானையின் கோணல் எழுத்து. 'வீட்டுக்குள் தண்ணீர். இடுப்பு வரை. அவர் கால் கட்டோடு கட்டிலில். தூக்க முடியவில்லை. அக்கம்பக்கம் எல்லாரும் போய்விட்டார்கள். யாரையாவது அனுப்பு.'

சண்முகவேல் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தது ஜலஜாவுக்குத் தெரியும். தேவானை கட்டிலை மேஜைகளின் மேல் ஏற்றி, அதில் அவனை உட்கார வைத்துவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்திருக்கிறாள். வேலு தீயணைப்புக்கு முயன்று பார்த்திருக்கிறார். ஊரே அந்த நம்பரைச் சுற்றிக்கொண்டிருந்தது, கிடைக்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது ஜலஜாவின் கையில் இருந்தது ஐந்தாறு வரிதான்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தணிகாசலம் வேளச்சேரி பக்கத்தில் ஒரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே லாரி உண்டு, ஆட்கள் உண்டு. ஒரு தாளை எடுத்துத் தேவானை வீட்டுக்கு வழியை வரைந்தாள். மெயின் ரோடு, வேலுவின் பூத், மாரியம்மன் கோவில், மூன்றாவது சந்து. அதற்குக் கீழே வீட்டின் வரைபடம்: வாசல் எங்கே, கட்டில் எந்த மூலையில், எந்தச் சுவரில் ஜன்னல். ஒரு அம்புக்குறி போட்டு, 'இவருக்குக் காது கேட்காது. கூப்பிட்டால் பதில் வராது. உள்ளே போய்ப் பார்க்கவும்' என்று எழுதினாள். அவ்வளவு அவசரத்திலும் கோடுகள் நேராக விழுந்தன.

தாளை மெஷினில் வைத்துத் தணிகாசலத்தின் நம்பரைப் போட்டாள். மெஷினின் சின்னக் கண்ணாடியில் எழுத்துகள் ஓடின. போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. அவள் அந்தக் கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தாள். லைன் பிஸியாக இருந்தால் ஒரு மாதிரி வரும், அந்தப் பக்கம் மெஷின் பதில் சொல்லாவிட்டால் வேறு மாதிரி வரும் என்று வஹீத் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். இது இரண்டாவது. அப்படியென்றால் மணி அடிக்கிறது. யாராவது எடுக்கவும் எடுக்கலாம். எடுத்துக் காதில் வைத்து, மழையில் இரைகிற லைனில் 'கீ' சத்தம் காதில் விழாமல் 'ஹலோ ஹலோ' என்று கத்திவிட்டு வைத்துவிடலாம். தணிகாசலத்தின் மெஷினில் ஒரு ஆள் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் தாள் வாங்கும். அமுக்கச் சொல்ல வேண்டும். யார் சொல்வது?

வெளியே மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஜலஜா மெஷினின் பக்கவாட்டில் இருந்த ரிசீவரைப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து அவள் அதை எடுத்ததில்லை.

எடுத்தாள். காதில் வைப்பதா, என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியவில்லை. நம்பரைப் போட்டாள். மனதுக்குள் சற்று நேரம் எண்ணினாள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, வெறும் மணிதான் அடித்துக்கொண்டிருக்கிறதா, அவளுக்குத் தெரிய வழியில்லை. கிணற்றுக்குள் பேசுவது போல வாய்ப்பகுதிக்குள் பேசினாள்.

"நான் ஜலஜா பேசறேன். எனக்குக் கேக்காது. யாராவது இருந்தா பச்சை பட்டனை அமுக்குங்கோ. வெச்சுடாதீங்கோ. பச்சை பட்டன்."

நிறுத்தி மூச்சு வாங்கினாள். திரும்பவும் சொன்னாள். குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை சொல்லும்போது தொண்டையில் அதிர்வை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு தன் பக்கத்துப் பட்டனை அமுக்கிவிட்டு, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுத்துகள் மாறின. தாள் மெதுவாக உள்ளே நகர ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் இருந்தது தணிகாசலமே. வீட்டில் தண்ணீர் புகுந்து முந்தின நாள் முதல் அலுவலகத்திலேயே இருந்தாராம். "ரெண்டு தடவை எடுத்து வெச்சுட்டேன். எவனோ சும்மா அடிக்கிறான்னு திட்டிகூட வெச்சேன்" என்று பின்னால் அவளிடம் நேரே பார்த்துச் சொன்னார். "அடுத்த தடவை உங்க குரல். எனக்கு மேல் சிலிர்த்துப்போச்சு ஜலஜாம்மா. நான் 'சொல்லுங்க சொல்லுங்க'ன்னு கத்தறேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கீங்க. அப்புறம்தான் எனக்கு மண்டையில ஏறுது, நான் கத்தி என்ன பிரயோஜனம், பட்டனை அமுக்கணும்னு."

தாள் கையில் வந்ததும் அவர் தன் கட்டடத்துக் காவல்காரருக்குப் பக்கத்துக் கடை நம்பர் மூலம் சொல்லி அனுப்பினார். லாரி கிளம்பியது. தெருவுக்குள் லாரி போக முடியாத இடத்தில் ஆட்கள் இறங்கி, கான்கிரீட் போட வைத்திருந்த சென்ட்ரிங் பலகையை மிதக்க விட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். வரைபடத்தில் இருந்தபடியே மூன்றாவது சந்து, வலது கைப்பக்கம், ஜன்னலுக்கு எதிர்மூலையில் கட்டில். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சண்முகவேல் மாவுக்கட்டு நனையாமல் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பலகையில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து லாரியில் ஏற்றினார்கள்.

இது எதுவும் தெரியாமல் ஜலஜா மாடியில் காத்திருந்தாள். கீழே பால் பொங்கி வழிந்து, கருகி, வாசனை மேலே வந்தபிறகுதான் இறங்கிப் போய் அடுப்பை அணைத்தாள். திரும்ப வந்து பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மத்தியானம் போய்க்கொண்டிருந்தபோது பல்பு எரிந்தது. வேலுவின் பூத்திலிருந்து வந்த தாளில் தேவானை எழுதியிருந்தாள். 'வந்துவிட்டார். லாரியில் கிளம்புகிறோம். குழந்தை தூங்குகிறது.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், கொட்டை எழுத்துகளில், 'ஆல் ஓகே மேடம். வேலு.'

அப்போதுதான் ஜலஜா அழுதாள்.

மழை நின்று தண்ணீர் வடியும்வரை தேவானை குடும்பம் அபிராமபுரத்தில் தங்கியிருந்தது. வஹீத் விஷயம் கேள்விப்பட்டு மெஷின் ஈரம் வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். ஹம்சா அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஜலஜாவின் முன்னால் வந்து நின்றுகொண்டு, "அக்கா, அந்த ரிசீவரை உங்களுக்கு வேணாம்னு கழட்டிடலாமான்னு அன்னிக்கு நெனச்சேன். நல்ல வேளை" என்றார். பிறகு, "ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாம பேசினீங்களே. எனக்கு வராது அந்தத் தைரியம்" என்றார்.

"தைரியம் எல்லாம் இல்லை. வேற வழி இல்லை" என்றாள் ஜலஜா. பல வருஷத்துக்குப் பிறகு வெளியாள் ஒருவரிடம் அவள் வாய்விட்டுச் சொன்ன பதில் அது. சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அதனால் அவள் ஒரே நாளில் வாயாடி ஆகிவிடவில்லை. கடைத்தெருவில் இன்னமும் எழுதித்தான் காட்டினாள். ஆனால் ஃபேக்ஸ் அனுப்பும்போது எதிர்ப்பக்கம் ஆள் எடுக்கிற இடம் என்றால், தயங்காமல் ரிசீவரை எடுத்து, "நான் ஜலஜா பேசறேன், எனக்குக் கேக்காது" என்று ஆரம்பிப்பாள். அந்தக் குரலைப் பல அலுவலகங்களில் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். பள்ளித் தோழிகளில் இன்னும் சிலர் தங்கள் தெரு பூத்துக்காரர்களிடம் அவள் செய்தது போலவே ஏற்பாடு செய்துகொண்டார்கள். வஹீத் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்ச் சிவப்பு பல்பு மாட்டிக் கொடுத்தார்.

தணிகாசலம் அலுவலகத்துக்குப் புது மெஷின் வாங்கியபோது பழையதைத் தேவானைக்கே கொடுத்துவிட்டார். வேளச்சேரியில் தேவானை வீட்டுக்கு லைன் வந்தது தொண்ணூற்றெட்டில். அதுவரை இரண்டு பேருக்கும் இடையே போனதெல்லாம் காரியம்தான்: ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறாய், துணி தைத்தாகிவிட்டதா, நாளைக்கு வரட்டுமா. பூத்தில் நின்றுகொண்டு வேறு என்ன எழுத முடியும்?

லைன் வந்த மறுநாள் மத்தியானம் ஜலஜா ஒரு வரைபடத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது பல்பு எரிந்தது. தாள் வந்தது. ஒரே வரி. 'இன்றைக்கு என்ன குழம்பு?'

ஜலஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை மறுபடி படித்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் போனை எடுத்ததும் கேட்கிற கேள்வி. ஹம்சா கூடத்தில் நின்று கும்பகோணத்துக்குக் கேட்கும்போது உதட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவளிடம் போனில் யாரும் கேட்டதில்லை.

'வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம். உங்கள் வீட்டில்?' என்று எழுதி அனுப்பினாள்.

'மீன். எதிர்வீட்டுக்காரி வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, கேட்கிறாயா?'

மை காய்ந்துகொண்டிருந்தது. தாள் மேல் தாளாகக் கதை வந்தது. எதிர்வீட்டுக்காரி, அவள் மாமியார், திருட்டுப்போன கோழி, அது திரும்பி வந்தது. ஜலஜா நடுவில் நடுவில் கேள்வி கேட்டு அனுப்பினாள். சத்தம்போட்டுச் சிரித்தாள் போலிருக்கிறது, ஹம்சா மாடி ஏறி வந்து வாசலில் நின்றாள். தரையெல்லாம் சுருண்ட தாள்கள்.

"என்ன ஜலஜாக்கா? யாருகிட்டேருந்து? ஏதாவது அவசரமா?"

ஜலஜா நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து அடுத்த தாளில் எழுதிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் இல்லை. சும்மா பேசிண்டிருக்கோம்."